உடையாத பிளாஸ்டிக் உருவான வரலாறு

வலிமை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறான மூன்று குணங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கத்தி முனையால் கீறினாலும் கீறல் விழாதிருப்பது ஒரு குணம். அதனைக் கடினம் என்கிறோம். பாரத்தை ஏற்றினாலும் வளையாது நிற்பது மற்றொரு குணம். அதனை விறைப்பு எனலாம். திடீரென்று ஓங்கி அடித்தபோது சிதறிப் போகாமல், அந்த அடியின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக் கொள்வது மூன்றாவது குணம். இதனை நொறுங்காத் தன்மை என்று கூறுவோம்.

விளக்குச் சிமினியை எடுத்துக் கொள்ளுங்கள். கண்ணாடியைச் சாதாரணக் கத்தியால் கீற முடியாது. ஆனால் அதே சிமினி கை தவறித் தரையில் விழுந்தால் நூறு துண்டாகிறது. காலில் அணியும் தோற்செருப்பையோ கத்தி எளிதில் அறுத்துவிடும்; சம்மட்டி கொண்டு அடித்தாலும் அது நொறுங்குவதில்லை. கடினமான பொருளெல்லாம் நொறுங்காத பொருள் அன்று. நொறுங்காத பொருளெல்லாம் கடினமானதும் அன்று. இவ்விரு குணங்களையும் ஒரே பொருளில் சேர்த்து வைப்பது எளிதான செயலன்று. உலோகங்களில் இந்தச் சேர்க்கையைக் காண மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. பிளாஸ்டிக் என்னும் செயற்கைப் பொருளிலோ ஏறக்குறைய நூறாண்டுகளில் அது கைகூடிற்று. அந்த முயற்சியின் வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகிறேன்.

முதன்முதலில் மக்கள் கைக்கு வந்த பிளாஸ்டிக் செல்லுலாய்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திற்கான பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். தந்தம் அருகி விலையும் ஏறியதால், அதற்கு மாற்றுப் பொருள் காண்பவருக்கு 10,000 டாலர் பரிசளிப்பதாக அமெரிக்க வணிக நிறுவனம் ஒன்று அறிவித்தது. அந்த அறிவிப்பினால் தூண்டப்பெற்ற ஜான் வெஸ்லி ஹையாட் என்பவர், பஞ்சை நைட்ரிக் அமிலத்தால் பதப்படுத்திப் பெற்ற பொருளுடன் கற்பூரத்தைக் கலந்து, 1870ஆம் ஆண்டை ஒட்டிச் செல்லுலாய்டை உருவாக்கினார். சீப்பும் பொம்மையும் புகைப்படச் சுருளும் அதனால் உருவாயின. ஆனால் அது தீயைக் கண்டால் பற்றிக்கொண்டு எரியும். பொறியியல் வேலைக்கு அதனை நம்ப முடியவில்லை.

அடுத்து வந்தது பேக்கலைட்டு. பெல்ஜியம் நாட்டில் கெண்ட் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்கலாண்டு அதனைக் கண்டவர். மின்சாரத் தொழில் பெருகிய அக்காலத்தில், மின்கம்பிகளுக்குக் காப்பிடுவதற்கு அரக்கு மிகுதியாகத் தேவைப்பட்டது. அந்த அரக்குப் பெரும்பாலும் நம் இந்திய நாட்டுக் காடுகளில் வாழும் சிறு பூச்சியிடமிருந்து பெறப்பட்டதாகும். பூச்சி தரும் அளவு போதவில்லை. அதற்கு ஈடாக ஒரு செயற்கை அரக்கைத் தேடிப் புறப்பட்ட பேக்கலாண்டு, பீனாலையும் பார்மால்டிஹைடையும் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இணைத்து, 1907ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1909ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனக் கழகத்தார் முன் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

பேக்கலைட்டு தீக்கு அஞ்சவில்லை, மின்சாரத்தைத் தடுத்தது, ஒருமுறை இறுகிய பின் எவ்வளவு சூடேற்றினாலும் உருகவில்லை. மின்விசைப் பொத்தான்களும், தொலைபேசிக் கருவிகளும், வானொலிப் பெட்டிகளின் கூடுகளும் அதனாற் செய்யப்பட்டன. ஆயினும் அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது. தனித்த பேக்கலைட்டு மண்சட்டியைப் போல் நொறுங்கும். ஆகவே அதனுடன் மரத்தூளையும் நாரையும் கலந்து அச்சில் வார்த்தார்கள். மண்சுவர் எழுப்பும் நம் சிற்றூர் மக்கள் சேற்றில் வைக்கோலைக் கலந்து மிதிப்பது எதற்காகவோ, அதே காரணத்திற்காகவே இதுவும் செய்யப்பட்டது. குறை தணிந்ததேயன்றித் தீரவில்லை.

ஒரு குறையைத் தீர்க்க வேண்டுமானால் முதலில் அதனை அளக்கத் தெரிய வேண்டும். நொறுங்குந் தன்மையை அளக்கும் முறை பிளாஸ்டிக்குக்காகத் தோன்றியதன்று, எஃகுக்காகத் தோன்றியது. 1901ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியியலறிஞர் சார்ப்பியும், 1903ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியியலறிஞர் ஐசாடும் ஏறத்தாழ ஒரே விதமான சோதனையை வகுத்தனர். கனமான ஊசற்குண்டு ஒன்றைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விடுகிறார்கள். அது வீசி வந்து, ஓரத்தில் சிறு வெட்டு இடப்பட்ட மாதிரித் துண்டை உடைத்துக்கொண்டு மறுபுறம் ஏறுகிறது. துண்டு எளிதில் உடைந்தால் குண்டு உயரமாக ஏறும்; துண்டு அடியை வாங்கிக்கொண்டால் குண்டு தாழ்வாகவே நின்றுவிடும். இரண்டு உயரங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, துண்டு உட்கொண்ட ஆற்றலைக் கணக்கிடலாம். பள்ளி ஆய்வுக்கூடத்து ஊசலைக் கொண்டே விளங்கிக்கொள்ளக் கூடிய எளிய தத்துவம் இது. இன்றும் பிளாஸ்டிக் தொழிற்சாலைகளில் நடைபெறுவது இந்தச் சோதனையே.

துண்டின் ஓரத்தில் வெட்டு இடுவது ஏன் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அதற்கு விடை தந்தவர் இங்கிலாந்தில் பார்ன்பரோ நகரத்து விமான ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய கிரிபித் என்பவர். கண்ணாடி ஏன் தன் உள்வலிமைக்கு ஏற்பத் தாங்குவதில்லை என்பதை அவர் ஆராய்ந்து 1921ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ளன. பொருளின் மேல் விழும் விசை முழுவதும் அந்தக் கீறலின் கூர்முனையில் வந்து குவிகிறது. அங்கே தொடங்கிய பிளவு கண்ணிமைக்கும் நேரத்தில் ஊடுருவி ஓடுகிறது. புதுத் துணியைக் கிழிக்கும் கடைக்காரர் ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறிது வெட்டிக் கொடுத்துப் பின் கையால் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நிகழ்ச்சிதான் இதுவும். ஆகவே பொருளறிஞர் முன் நின்ற கேள்வி, ஓடத் தொடங்கிய பிளவை எவ்வாறு தடுத்து நிறுத்துவது என்பதாயிற்று.

இதற்கிடையில் பிளாஸ்டிக் என்பது உண்மையில் எத்தகைய பொருள் என்பது குறித்தே அறிஞரிடையே பூசல் நிகழ்ந்தது. ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர், ரப்பரும் இத்தகைய பிற பொருள்களும் ஆயிரக்கணக்கான அணுக்கள் சங்கிலி போல் கோத்த நெடிய மூலக்கூறுகளால் ஆனவை என்று 1920ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வளவு நீண்ட மூலக்கூறு இருக்க முடியாது என்று பலர் மறுத்தனர். அவர் பின்வாங்கவில்லை. சோதனைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கமே சாட்சி கூறின. 1953ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அந்த ஆண்டைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வரலாற்றில் அது மீண்டும் வரும்.

ஸ்டாடிங்கர் கூறியதை ஏற்றுக்கொண்டு, நெடிய சங்கிலிகளைத் தம் கையாலேயே கண்ணி கண்ணியாகக் கட்டிக் காட்டியவர் அமெரிக்காவின் தூபாண்டு நிறுவனத்தைச் சேர்ந்த வாலஸ் கரோதர்ஸ். 1935ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவருடைய குழுவினர் நைலானைப் பெற்றனர். 1938ஆம் ஆண்டில் அது உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டில் நைலான் காலுறைகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. அந்தப் புகழைக் காணக் கரோதர்ஸ் உயிரோடில்லை. 1937ஆம் ஆண்டிலேயே மறைந்தார். துணியாக நெய்யப்பட்ட நைலானை அச்சில் வார்த்துப் பற்சக்கரங்களும் தாங்கிகளும் செய்யலாம் என்பது பின்னர்த் தெரியவந்தது. உலோகத்தின் இடத்தில் நின்று இயந்திரத்தில் உழைக்கக்கூடிய பிளாஸ்டிக்கைப் பொறியியல் பிளாஸ்டிக் என்று வழங்கலாயினர். அவற்றுள் மூத்தது நைலான். ஆனால் கூரிய வெட்டு விழுந்த நைலானும், காய்ந்து குளிர்ந்த நைலானும் அடி தாங்காமல் உடையும் குறை நீடித்தது.

இப்போது மற்றொரு பிளாஸ்டிக்கின் கதையைப் பார்ப்போம். பாலிஸ்டைரீன் மலிவானது, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக் கூடியது, அச்சில் வார்ப்பதற்கு எளியது. ஆயின் விரலால் வளைத்தாலே பட்டென்று முறியும். இதனுடன் ரப்பரைச் சேர்த்தால் என்ன என்று எண்ணியவர் ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி என்னும் இரசாயன அறிஞர். ஸ்டைரீன் திரவத்தில் ரப்பரைக் கரைத்து, அந்தக் கரைசலையே இறுகச் செய்யும் முறைக்கு 1927ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். எண்ணம் சரியானது, ஆனால் தொழிலில் அது பயன்படவில்லை. காரணம் வியப்பானது. இறுகும் வேளையில் கரைசலைக் கிளறாமல் விட்டால் ரப்பர் ஒரு வலைபோல் எங்கும் பின்னிக்கொள்கிறது; விளையும் பொருள் அச்சில் வார்க்க வராத கூழ்க்கட்டியாகிறது. இருபது ஆண்டுகள் கழித்து டௌ இரசாயன நிறுவனத்தார் அதே கரைசலை இறுகும்போது தொடர்ந்து கிளறினார்கள். குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் நிலைமை தலைகீழாக மாறிற்று. பாலிஸ்டைரீன் பரப்பாகவும், ரப்பர் அதனுள் சிதறிய நுண்ணிய உருண்டைகளாகவும் அமைந்தன. மோர் கடையும் தாய்மார் நன்கறிவார்கள்: பொருள்கள் அவையே ஆயினும், கடைந்தால் ஒன்று, கடையாவிட்டால் வேறொன்று. இங்ஙனம் உருவான அடிதாங்கும் பாலிஸ்டைரீன் 1940களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. குளிர்பதனப் பெட்டிகளின் உட்புறம் அதனால் அமைந்தது.

இதே வழியில் மூன்று பொருள்களை இணைத்து உருவாக்கியதே ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக். அக்ரிலோநைட்ரைல் இரசாயனங்களுக்கு எதிர்ப்பைத் தருகிறது. பூட்டாடையீன் ரப்பர் அடியைத் தாங்குகிறது. ஸ்டைரீன் பளபளப்பும் வார்ப்பு எளிமையும் தருகிறது. டென்மார்க்கு நாட்டு லெகோ நிறுவனத்தார் குழந்தைகள் அடுக்கி விளையாடும் தங்கள் கட்டைகளை 1963ஆம் ஆண்டு முதல் இந்தப் பொருளிற் செய்யலாயினர். குழந்தைகளின் கையையும் காலையும் தாங்கிய பொருள் வேறு எதனைத்தான் தாங்காது!

மெத்தென்ற ரப்பர் கடினமான பிளாஸ்டிக்கிற்கு எவ்வாறு வலிமை தருகிறது? அடி விழும்போது ஒவ்வொரு ரப்பர் உருண்டையின் ஓரத்திலும் நுண்ணிய கீறல் தோன்றுகிறது. ஒரே ஒரு பெரும்பிளவு ஓடுவதற்கு மாறாகக் கோடிக்கணக்கான நுண்கீறல்கள் ஒரே வேளையில் திறக்கின்றன. ஒவ்வொரு கீறலும் அடுத்த உருண்டையில் முட்டி நின்றுவிடுகிறது. அடியின் ஆற்றல் ஓரிடத்தில் குவியாமல் பொருள் முழுவதிலும் பங்கிடப்பட்டு விடுகிறது. பிளாஸ்டிக் வாளியின் கைப்பிடியை வளைத்தால் அந்த இடம் வெளுத்துப் போவதைக் கண்டிருப்பீர்கள். இத்தகைய நுண்ணிய திறப்புகளில் ஒளி சிதறுவதே அவ்வாறு வெளுப்பதற்குக் காரணம். ரப்பர் சேர்ந்த பாலிஸ்டைரீனில் நிகழும் இந்த வெளுப்பை ஆராய்ந்து, பக்னல், ஸ்மித் என்னும் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் இருவர் 1965ஆம் ஆண்டில் இவ்விளக்கத்தைத் தந்தனர். பொருள் முதலில் கைக்கு வந்தது. காரணம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து வந்தது. தொழில் வரலாற்றில் இது புதிதன்று.

ஆயினும் ரப்பர் சேர்ந்த பாலிஸ்டைரீன் தன் ஒளி ஊடுருவும் தன்மையை இழந்துவிட்டது. கொதிநீரின் சூட்டில் உருக்குலைந்தும் போயிற்று. கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும், கொதிநீரைத் தாங்க வேண்டும், சம்மட்டியால் அடித்தாலும் உடையக் கூடாது. இம்மூன்றும் ஒன்றாய் அமைந்த பொருள் கிடைக்குமா? கிடைத்தது. அதுவே பாலிகார்பனேட். நம் வரலாற்றின் நடுநாயகம் இதுவேயாகும்.

அதன் விதை 1898ஆம் ஆண்டிலேயே விழுந்துவிட்டது. மியூனிக் நகரில் ஆல்பிரட் ஐன்ஹார்ன் என்னும் இரசாயன அறிஞர், பீனாலின் இனத்தைச் சேர்ந்த சில பொருள்களைப் பாஸ்ஜீன் என்னும் வாயுவுடன் சேர்த்து, அவற்றின் கார்பனேட்டுகளைப் பெற்றார். அவற்றுட் சில எதிலும் கரையவில்லை. உருக்கி வார்க்கவும் எளிதில் இடந்தரவில்லை. இரசாயனப் பொருளென்றால் தூய படிகமாகக் கிடைக்க வேண்டும் என்று எண்ணிய காலம் அது. ஆகவே அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. ஐன்ஹார்னும் வேறு துறைக்குச் சென்று, பல் மருத்துவர்கள் பயன்படுத்திய நோவோகெயின் என்னும் மரப்பு மருந்தைக் கண்டு புகழ் பெற்றார். 1930ஆம் ஆண்டளவில் கரோதர்ஸும் வேறு வகைக் கார்பனேட்டுச் சங்கிலிகளைக் கட்டிப் பார்த்தார். அவை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிட்டமையால் கைவிடப்பட்டன. இங்ஙனம் அரை நூற்றாண்டுக் காலம் ஒரு செல்வம் கேட்பாரற்றுக் கிடந்தது.

1953ஆம் ஆண்டு வந்தது. ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள ஊர்டிங்கன் என்னும் ஊரில், பேயர் நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலையில் ஹெர்மன் ஷ்னெல் என்பவர் கார்பனேட்டுகளை மீண்டும் கையில் எடுத்தார். பாட்டன்பிரூக், கிரிம் என்னும் இருவர் அவருடன் உழைத்தனர். பழைய பொருள்கள் பயன்படாமற் போனதன் காரணத்தை ஷ்னெல் ஆராய்ந்தார். ஐன்ஹார்ன் எடுத்துக்கொண்ட மூலக்கூறுகளில் சில நேராக நீண்டு, அடுக்கி வைத்த விறகுபோல் நெருங்கிப் படிந்துவிடக் கூடியவை. ஆதலின் கரையவும் இல்லை, உருகவும் இல்லை. கரோதர்ஸ் எடுத்துக்கொண்டவை தளர்ந்த கயிறு போன்றவை. ஆதலின் சூடு தாங்கவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்று வேண்டும். அத்தகையதே பிஸ்பீனால் ஏ. இரண்டு பென்சீன் வளையங்கள். அவற்றிற்கு நடுவே முழங்கை போல் மடங்கிய ஓர் இணைப்பு. வளையங்கள் விறைப்பைத் தருகின்றன. மடக்கு, மூலக்கூறுகள் நெருங்கி அடுங்காமல் தடுக்கிறது. இந்தப் பிஸ்பீனால் 1891ஆம் ஆண்டிலேயே தியானின் என்னும் ரஷ்ய அறிஞர் உருவாக்கிய பழைய பொருள்தான். ஷ்னெல் அதனைப் பாஸ்ஜீனுடன் சேர்த்தார். தெளிந்த, உறுதியான, சூடு தாங்கும் பிளாஸ்டிக் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் பேயர் நிறுவனத்தார் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர்.

அதே ஆண்டில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஸ்கெனெக்டடி ஆராய்ச்சிச் சாலையில், டேனியல் பாக்ஸ் என்னும் இளம் இரசாயன அறிஞரும் அதே பொருளை அடைந்தார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. பாக்ஸ் தேடியது பிளாஸ்டிக்கே அன்று. மின்கம்பிகளுக்கு நீர் பட்டாலும் கெடாத ஒரு மேற்பூச்சைத்தான். முன்பு தாம் கையாண்ட குவாயகால் கார்பனேட்டு என்னும் பொருள் நீரால் எளிதிற் சிதையாதிருந்தது அவர் நினைவுக்கு வந்தது. அத்தகைய கார்பனேட்டு இணைப்பைக் கொண்ட சங்கிலி நீரைத் தாங்கும் என்று கருதி, பிஸ்பீனாலையும் டைபீனைல் கார்பனேட்டையும் கண்ணாடிக் குடுவையில் இட்டு உருக்கிக் கிளறினார். கலவை பாகுபோல் இறுகிற்று, மேலும் இறுகிற்று, இறுதியில் கிளறும் மோட்டாரே சுழல மாட்டாமல் நின்றுவிட்டது. ஆறிய பின் குடுவையிலிருந்து அதனை எடுக்க முடியவில்லை. கண்ணாடியை உடைத்து நீக்கியபோது, கிளறுகோலின் நுனியில் ஒரு பெரிய கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. தரையில் அடித்துப் பார்த்தனர்; சம்மட்டி கொண்டும் பார்த்தனர். கட்டி உடையவில்லை. அதையே சம்மட்டியாக்கி மரத்தில் ஆணி அறைந்தார்கள் என்பர்.

இங்கே மாணவர்கள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஷ்னெல் காரணத்தை ஆராய்ந்து பொருளை அடைந்தார். பாக்ஸ் வேறொன்றைத் தேடுகையில் அதனை எதிர்ப்பட்டார். முன்னதைத் திட்டம் என்றும், பின்னதை நற்பேறு என்றும் கூறி விட்டுவிடுவது எளிது. ஆனால் மோட்டார் நின்றுபோன குடுவையைக் கழிவென்று எறியாமல், எதனால் நின்றது என்று பார்த்தவருக்கே அந்த நற்பேறு வாய்த்தது. ஐன்ஹார்ன் காலத்தில் இத்தகைய பொருள்கள் தோல்வியின் அடையாளமாகத் தோன்றின. ஸ்டாடிங்கரின் நெடுமூலக்கூறுக் கொள்கை நிலைபெற்ற பின் அவையே செல்வமாகத் தோன்றின. கண் மாறவில்லை, கண்ணுக்குப் பின்னிருந்த கருத்து மாறிற்று.

இரு நிறுவனங்களும் 1955ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை கோரின. வழக்கு மன்றம் ஏறி நெடுநாள் போராடியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன: முன்னுரிமை யாருக்குக் கிடைப்பினும், அவர் தக்க தொகை பெற்றுக்கொண்டு மற்றவருக்கும் உற்பத்தி உரிமை அளிக்க வேண்டும் என்பது அது. முன்னுரிமை பேயருக்குக் கிடைத்தது. 1958ஆம் ஆண்டில் பேயர் மேக்ரோலான் என்னும் பெயராலும், 1960ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் லெக்ஸான் என்னும் பெயராலும் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கின.

இந்தப் பிளாஸ்டிக்கின் ஆற்றலை எண்ணிக்கையிற் சொல்ல வேண்டுமானால், முன்னர்க் கூறிய ஐசாட் சோதனையைக் கொள்வோம். வெட்டு இட்ட, மூன்று மில்லிமீட்டர் அளவு கனமுள்ள சாதாரணப் பாலிஸ்டைரீன், ஒரு மீட்டர் அகலத்திற்கு ஏறத்தாழ 20 ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டு உடைகிறது. அதே அளவுள்ள பாலிகார்பனேட் 600 ஜூலுக்கும் மேல் தாங்குகிறது. முப்பது மடங்கு! அதன் எடையோ கண்ணாடியின் எடையிற் பாதிக்கும் குறைவு. ஏறத்தாழ 145 பாகை செல்சியஸ் வரை அது இளகுவதில்லை.

இவ்வாற்றலுக்குக் காரணம் என்ன? அறை வெப்பத்திலும், அதற்கு வெகுவாகக் கீழான குளிரிலுங்கூட அதன் மூலக்கூறுகளின் சிறு பகுதிகள் இடைவிடாது அசைந்துகொண்டிருக்கின்றன. அடி விழுந்ததும் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடங்கொடுக்கின்றன. முறிவதற்கு முன் பொருள் நெளிகிறது. வெள்ளத்தில் நாணல் சாய்ந்து பிழைப்பதும், விறைத்து நின்ற மரம் வேரோடு போவதும் நாம் அறிந்தவையே.

உடையாத கண்ணாடி கிடைத்தபோது அது சென்றடைந்த இடங்கள் பல. 1969ஆம் ஆண்டில் சந்திரனில் இறங்கிய அப்பல்லோ வீரர்கள் தலையிற் கவித்திருந்த குமிழி போன்ற தலைக்கவசம் பாலிகார்பனேட்டால் ஆனது. காற்றற்ற வெளிக்கும் மனிதனின் மூச்சுக்கும் இடையே நின்றது அந்த மெல்லிய ஓடுதான். 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசைத்தட்டு, 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள பாலிகார்பனேட் வட்டமே. ஆனால் இவற்றைக் காட்டிலும் மூக்குக்கண்ணாடியையே நான் பெரிதாக மதிக்கிறேன். முற்காலத்தில் கண்ணாடி அணிந்த சிறுவன் முகத்தில் பந்து பட்டால், அக்கண்ணாடியே அவன் விழிக்குப் பகையாயிற்று. அமெரிக்க அரசினர் 1972ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தனர். ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டாலும் மூக்குக்கண்ணாடியின் வில்லை உடையலாகாது என்பதே அவ்விதி. தடித்துப் பதப்படுத்திய கண்ணாடி அந்தச் சோதனையிற் சிரமப்பட்டுத் தேறும். மெல்லிய பாலிகார்பனேட் எளிதாகத் தேறும். பட்டறைத் தொழிலாளர் அணியும் காப்புக் கண்ணாடிகளும், இருசக்கர வண்டியில் செல்வோர் முகத்தின்முன் இறக்கிக்கொள்ளும் தலைக்கவச மறைப்பும் இந்த இனத்தவையே. இந்தப் பொருளால் காக்கப்பட்ட கண்களை யாரும் எண்ணியதில்லை, எண்ணவும் இயலாது.

நைலானின் பழைய குறைக்கும் இதற்கிடையில் மருந்து கிடைத்தது. 1976ஆம் ஆண்டில் தூபாண்டு நிறுவனத்தார் மிகுந்த வன்மை கொண்ட நைலானை வெளியிட்டனர். இங்கும் நுண்ணிய ரப்பர் உருண்டைகளே உதவின. ஆனால் அவை நைலானோடு இரசாயனப் பிணைப்பால் கட்டப்பட்டிருந்தன. அந்த நிறுவனத்தைச் சேர்ந்த சூஹெங் வூ என்னும் அறிஞர் 1985ஆம் ஆண்டில் ஒரு நுட்பமான உண்மையை வெளியிட்டார். எத்தனை உருண்டைகள் என்பது மட்டும் முக்கியமன்று. அடுத்தடுத்த இரண்டு உருண்டைகளுக்கு இடையே உள்ள நைலான் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதே முக்கியம். தாம் ஆராய்ந்த நைலானில் அந்தச் சுவர் ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே குறைந்ததும், நொறுங்கும் பொருள் திடீரென்று நொறுங்காப் பொருளாக மாறுவதை அவர் காட்டினார். ஒரு தலைமயிரின் பருமனில் அது இருநூறில் ஒரு பங்களவே. இவ்வளவு சிறிய இடைவெளியில் இயந்திரச் சக்கரத்தின் ஆயுள் அடங்கியிருக்கிறது!

ஒரு பொருளின் பெருமையை மட்டும் பேசி முடித்தால் அது வரலாறு ஆகாது, விளம்பரமே ஆகும். பாலிகார்பனேட்டுக்கும் குறைகள் உண்டு. அதன் மேற்பரப்பு எளிதிற் கீறல்படும். ஆகவே வில்லைகளின் மேல் கடினமான பூச்சு இடுகிறார்கள். நெடுங்காலம் வெயிலிற் கிடந்தால் மஞ்சளிக்கும். சில கரைப்பான்கள் பட்டால் வெடிப்பு விடும். கனம் மிகுந்த துண்டில் கூரிய வெட்டு விழுந்தால் அதுவும் உடையத் தொடங்குகிறது. உடையாப் பொருள் என்று நாம் வழங்குவது ஒப்புமை பற்றியதேயன்றி முற்ற முடிந்த உண்மை அன்று.

அதனைச் செய்யும் முறையிலும் ஓர் அபாயம் இருந்தது. பாஸ்ஜீன் என்பது முதல் உலகப் போரில் எண்ணற்ற வீரர்களைக் கொன்ற நச்சு வாயு. உயிரைக் காக்கும் தலைக்கவசம் அந்த நஞ்சிலிருந்து பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது. பாஸ்ஜீன் இல்லாமலே பாலிகார்பனேட் செய்யும் முறைகளைப் பின்னர்ப் பலர் தேடினர். கரியமில வாயுவை மூலப்பொருளுள் ஒன்றாகக் கொள்ளும் ஜப்பானிய முறையில் அமைந்த ஆலை ஒன்று 2002ஆம் ஆண்டில் தைவானில் இயங்கத் தொடங்கியது. பாக்ஸ் குடுவையில் உருக்கிக் கிளறிய வழியே புதிய உருவில் அங்குப் பயன்படுகிறது.

பிஸ்பீனாலைப் பற்றியும் ஐயங்கள் எழுந்தன. குழந்தைகளுக்குப் பாலூட்டும் புட்டிகள் பாலிகார்பனேட்டாற் செய்யப்பட்டு வந்தன. அதிலிருந்து சிறிதளவு பிஸ்பீனால் பாலிற் கலக்கக்கூடும் என்றும், உடலின் இயல்பான சுரப்புகளின் செயலில் அது குறுக்கிடக்கூடும் என்றும் ஆராய்ச்சியாளர் எச்சரித்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டிலும், அமெரிக்க அரசு 2012ஆம் ஆண்டிலும் அத்தகைய புட்டிகளில் இப்பொருளை விலக்கின. தரையில் விழுந்தால் உடையாத புட்டி என்பது தாய்க்கு நன்மை. ஆனால் புட்டியின் கடமை உடையாதிருப்பது மட்டுமன்று. ஒரு குணத்தைத் தேடி வெற்றி கண்ட மகிழ்ச்சியில் மற்றக் குணங்களை மறந்துவிடலாகாது என்பதற்கு இது சான்று.

இதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. மண்பானை உடைந்தால் மண்ணோடு மண்ணாகிறது. எளிதிற் சிதையாத சங்கிலிகளைக் கட்டுவதில் இரசாயன அறிஞர் தேர்ச்சி பெற்றனர். அந்தச் சங்கிலிகளைப் பயன்பாடு முடிந்த பின் பிரித்தெடுக்கும் கலையில் இன்னும் அவ்வளவு தேர்ச்சி பெறவில்லை. உடையாதிருக்க வேண்டிய காலம் வரை உடையாதிருந்து, பின்னர் மீண்டும் மூலப்பொருளாகத் திரும்பும் பிளாஸ்டிக்கை ஆக்குவதே அடுத்த தலைமுறையின் வேலை. பாலிகார்பனேட் சங்கிலியை அறுத்துப் பிஸ்பீனாலை மீட்கும் முறைகள் ஆராய்ச்சிச் சாலைகளில் முன்பே செய்து காட்டப்பட்டுள்ளன. அவை தொழிலில் நிலைபெற வேண்டும்.

இந்த வேலையில் நம் நாட்டு இளைஞர்க்கும் பங்குண்டு. பிளாஸ்டிக் பொறியியலைக் கற்பிப்பதற்கென்றே 1968ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. சிப்பெட் என்று அதனை வழங்குகிறோம். நான் இங்கே விவரித்த ஊசற்சோதனையை அங்கே பயிலும் மாணவர் தம் கையாலேயே செய்து பார்க்கின்றனர். அந்தச் சோதனையில் ஒரு துண்டு உடையும்போது, உடைந்ததே என்று வருந்துவதற்கு ஒன்றுமில்லை. எங்கே உடைந்தது, எதனால் உடைந்தது என்று உடைந்த முகத்தை உற்று நோக்குகிறவனே உடையாததைப் படைக்கிறான். ஐன்ஹார்ன் கைவிட்டதை ஷ்னெல் எடுத்ததும், ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி கிளறாது விட்டதைப் பின்வந்தோர் கிளறியதும், நின்றுபோன மோட்டாரைப் பாக்ஸ் நின்று நோக்கியதும் இந்த ஒரு பழக்கத்தின் விளைவுகளேயாகும். அந்தப் பழக்கம் நம் மாணவரிடையே வளருமாக.